பழைய பைக்: ஓட வைப்பதா, பழையபடி ஆக்குவதா, வெட்டி மாற்றுவதா?

கேள்வி கிட்டத்தட்ட ஒரே அச்சில்தான் வருகிறது. வீட்டில் ஒரு பழைய பைக் வருஷக்கணக்காக நிற்கிறது, இல்லை, தெரிந்தவர் ஒருவர் கிடைத்த விலைக்குக் கொடுக்கிறார். கையில் பெரிய பணம் கிடையாது. கூடவே ஒரு படம் வரும்: கைப்பிடி தாழ்ந்து, சீட் தட்டையாகி, பின்பக்கம் துடைத்து வைத்த மாதிரி ஒரு கஃபே ரேசர். "இப்படி ஆக்கிடலாமா, இல்ல கம்பெனியில வந்த மாதிரியே பண்ணிடலாமா?"

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தீர்களா?" பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். படத்தைப் பார்த்திருப்பார்கள்.

குறைந்த காசில் தொடங்கிய வண்டிகள் பாதியில் நின்றுபோவதை நிறையப் பார்த்துவிட்டேன். இன்ஜின் ஒரு சாக்கில், சேசிஸ் சுவரோரம், நட்டு போல்ட் எல்லாம் ஏதோ ஒரு பெயிண்ட் டப்பாவில். என்னுடையதும் ஒன்று அப்படிக் கிடந்ததுண்டு. அதனால் எந்த வழியைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: நாளைக்கே காசு தீர்ந்துபோனால் கையில் என்ன மிஞ்சும்? ஓடுகிற வண்டியா, மூட்டையா?

எதை வைத்து எடை போடுவது

இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது. இது தெரியாமல் மற்ற எதையும் முடிவு செய்யக் கூடாது. பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். பிஸ்டன் பிடித்திருந்தால் கிக்கர் மேல் ஏறி உதைக்க வேண்டாம். பிடித்த பிஸ்டனோடு கிக்கர் பல்லும் போகும், ஒரு செலவு இரண்டாகும்.

சுற்றுகிறது என்றால் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கருவி) ஒன்றை இரவல் வாங்குங்கள். ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகிப் பிடித்துக்கொண்டு, முள் இதற்கு மேல் ஏறாது என்கிற வரை கிக்கர் அடிக்க வேண்டும். ஆக்சிலேட்டரை மூடி வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு "கம்ப்ரஷனே இல்லை" என்பவர்கள் உண்டு. நல்ல நிலையில் இருக்கும் நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் பலவற்றில் 120 முதல் 170 பி.எஸ்.ஐ. வரை காட்டும், உங்கள் மாடலின் மேனுவலில் இருக்கும் எண்தான் கடைசித் தீர்ப்பு. குறைவாக வந்தால் பிளக் துளை வழியாக ஒரு சின்ன ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். முள் மேலே ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ கசிவு.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு இது போதாது. அதில் கிராங்க்கின் (பிஸ்டன் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) இரண்டு பக்கமும் உள்ள ஆயில் சீல் காய்ந்துபோயிருந்தால் வெளிக்காற்றை இழுக்கும், கலவை மெலியும், நல்ல வேகத்தில் போகும்போது பிஸ்டன் பிடிக்கும். பல வருஷம் நின்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டி என்றால் இரண்டு பக்க சீலையும் மாற்றுகிற கணக்கோடுதான் தொடங்க வேண்டும்.

சிலிண்டரைத் தூக்க நேர்ந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. மேல்கீழாக "டக்" என்று ஒரு ஆட்டம் கையில் பட்டால் ராடின் அடிமுனையில் உள்ள பிக் எண்ட் பேரிங் முடிந்தது. பிறகு இன்ஜினை இரண்டாகப் பிளந்து கிராங்க்கை பிரஸ்ஸில் வைக்கிற வேலை. இரண்டாவது, பிஸ்டன் தலையில் ஏதாவது எண் குத்தியிருக்கிறதா என்று கரியைத் துடைத்துப் பாருங்கள். தேய்ந்த சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்த பிறகு போடும் ஓவர்சைஸ் பிஸ்டன்கள் பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாக வரும். உங்களுடையது ஏற்கெனவே கடைசிப் படியில் இருந்தால் ரீபோர் செய்ய (மறுபடி கடைய) இடமில்லை, புது ஸ்லீவ் (சிலிண்டரின் உள்குழாய்) போட வேண்டியிருக்கும். விற்பவர் "இன்ஜின் பக்கா" என்று சொன்னாலும் பிஸ்டன் தலையில் இருக்கும் எண் பொய் சொல்லாது.

பாகம் கிடைக்குமா. இதில் பலரும் தலைகீழாக யோசிக்கிறார்கள். பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, கேபிள் எல்லாம் நிறைய விற்ற மாடல்களுக்கு யாராவது ஒருவர் இன்னும் செய்துகொண்டுதான் இருப்பார். கிடைக்காமல் அலைய விடுவது சைடு பேனல், டேங்க் எம்பளம், மீட்டர் கண்ணாடி, டூல் பாக்ஸ் மூடி. தேய்கிற சாமான் கிடைக்கும், உடைகிற சாமான் கிடைக்காது. வாங்கப்போகிற வண்டியில் எது இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

திரும்பி வர முடியுமா. போல்ட் போட்டு மாட்டியதைக் கழற்றலாம். கிரைண்டர் தொட்ட சேசிஸைப் பழையபடி ஆக்க முடியாது.

உங்கள் கையால் எவ்வளவு. கழுவுவது, தேய்ப்பது, கார்புரேட்டர், பிரேக், கேபிள், பொறுமை இருந்தால் வயரிங், இவை வீட்டிலேயே ஆகும். போர் போடுவது, வால்வ் சீட் வெட்டுவது, கிராங்க் பிரஸ், வெல்டிங், குரோம், இவையெல்லாம் வெளியே போகும். காசு குறைவு என்றால் வெளியே போகும் வேலை குறைந்த வழிதான் உங்கள் வழி.

காகிதம். சேசிஸ் எண், இன்ஜின் எண், பதிவுக் காகிதம் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று முதல் நாளே பாருங்கள். சேசிஸை வெட்டுவது, சீட் எண்ணிக்கை குறைவது, சைலென்சர் சத்தம், மட்கார்ட், விளக்குகள் பற்றி நாட்டுக்கு நாடு விதி வேறு. இன்ஷூரன்ஸ்காரர் மாற்றம் செய்த வண்டிக்கு இழப்பீடு மறுக்கவும் கூடும். கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரே ஒரு யோசனை. கையில் இருப்பதை மூன்று பங்காக்குங்கள். ஒன்று வண்டி பிரேக் பிடித்து நிற்பதற்கும் சரியாகத் திரும்புவதற்கும், ஒன்று இன்ஜினுக்கும் கரண்டுக்கும். மூன்றாவதைத் தொட வேண்டாம். அது தானாகவே செலவாகிவிடும்.

முதல் வழி: ஓட வைப்பது, அழகைத் தொடாமல்

துரு இருந்தால் இருக்கட்டும், பெயிண்ட் வெளுத்தால் வெளுக்கட்டும். வண்டி பத்திரமாக நிற்க வேண்டும், நேராகப் போக வேண்டும், காலையில் இரண்டாவது உதையில் எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் இலக்கு.

வரிசை முக்கியம். எல்லோரும் இன்ஜினில் தொடங்குவார்கள், அந்தச் சத்தம் கேட்கிற ஆசையில். நான் டயரிலிருந்து தொடங்கச் சொல்வேன். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், பட்டன் புதுசாகத் தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள். பத்து வருஷம் தாண்டிய எதற்கும் என் பதில் அதுதான். அடுத்து பிரேக். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம் என்பதால் டிரம்முக்குள் இருக்கும் தூளை ஏர் அடித்து ஊதாமல், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பல டிரம்களின் உள்ளே எவ்வளவு விட்டம் வரை தேயலாம் என்று வார்ப்பிலேயே எழுதியிருக்கும். டிஸ்க் பிரேக் என்றால் பழைய திரவத்தை முழுக்க மாற்ற வேண்டும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, கைப்பிடியை ஒரு விரலால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். நட்ட நடுவில் ஒரு குழியில் விழுகிற மாதிரி நின்றால் கோன் செட் (கைப்பிடி திரும்பும் இடத்து பேரிங்) குழிந்துவிட்டது. நேராகப் போகும்போதுதான் அந்தக் குழி உங்களை ஆட்டும்.

பெட்ரோல் பக்கம் பழுது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். நின்றுபோன வண்டியின் பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டருக்குள் பிசினாக ஒட்டியிருக்கும். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டின் துளை சுமார் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் இரும்புக் கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகும், அதன் பிறகு ஐடிலிங் கடைசி வரை நிற்காது. கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வட்டமாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். டேங்கின் உள்துருவுக்கு சிட்ரிக் ஆசிட் கரைசல் போதும். வெளியே கொட்டியதும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து, உள்ளே லேசாக எண்ணெய் பூச வேண்டும். அரை மணி நேரம் தள்ளிப்போட்டால் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு படிந்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரையும் கார்க் வாஷரையும் கெடுக்கும், அதனால் டியூப், பெட்ரோல் டேப் வாஷர் எல்லாம் புதிதாகப் போட வேண்டும்.

கரண்டில் காயிலைச் சந்தேகப்படும் முன் எர்த் வயர் சேசிஸைத் தொடும் இடத்தைச் சுரண்டுங்கள். பாயிண்ட் (பிளக்கின் தீப்பொறிக்காகத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) உள்ள வண்டியானால் இடைவெளி பெரும்பாலும் 0.3 முதல் 0.4 மி.மீ.; ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்தால் ஐந்து நிமிஷ வேலை.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால், இங்கே பெரிதாக எதுவும் இல்லை, சின்னச் சின்னதாக நிறைய உண்டு. கேபிள், கேஸ்கட், டியூப், பிளக், பேட்டரி, ஆயில் இரண்டு தடவை. அப்புறம் திருகுகள். ஜப்பான் வண்டிகளின் இன்ஜின் கவரில் இருக்கும் பிளஸ் தலை ஸ்க்ரூ உண்மையில் சாதாரண பிளஸ் கிடையாது, அது ஜே.ஐ.எஸ். என்ற வேறு அளவு. தலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அதுதான். சாதாரண பிளஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுசாக உட்காராது, வழுக்கும், இரண்டு முயற்சியில் தலை மொட்டையாகிவிடும். பிறகு டிரில், உடைந்த ஸ்க்ரூவை எடுக்கிற வேலை, மரை போனால் அதற்கு இன்ஸர்ட் (உள்ளே பதிக்கும் புது மரை). சரியான பிட்டும் ஒரு இம்பாக்ட் டிரைவரும் வாங்கியிருந்தால் முதல் வாரத்திலேயே அந்தக் காசு திரும்பியிருக்கும். நான் வாங்கவில்லை. கிளட்ச் கவர் ஒன்றைக் கழற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது.

காசு பாதியில் தீர்ந்தால் இந்த வழியில் மிஞ்சுவது ஓடுகிற, அசிங்கமான ஒரு வண்டி. அது மோசமான நிலைமை இல்லை. என் வண்டி ஒரு வருஷம் துருவோடு ஓடியது. எனக்குத் தாழ்ந்த கைப்பிடி வேண்டும் என்ற ஆசை அந்த ஒரு வருஷத்தில் போய்விட்டது, பின்சீட் இல்லாமல் என்னால் வாழ முடியாது என்பதும் தெரிந்தது. ஓட்டாமல் டிசைன் செய்திருந்தால் இரண்டையும் தப்பாகச் செய்திருப்பேன்.

முதல் வண்டி, இன்ஜின் வரலாறு தெரியாத வண்டி, தினமும் தேவைப்படும் வண்டி என்றால் இதைத் தவிர வேறு வழியை நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வழி: கம்பெனியில் வந்த கோலத்துக்குத் திருப்புவது

கேட்க எளிமையாக இருக்கும். புதிதாக எதையும் யோசிக்க வேண்டாம், படம் பார்த்து அப்படியே செய்தால் போதும். ஆனால் நான் இங்கே சொல்லும் நான்கு வழிகளிலும் காசை அதிகம் தின்பது இதுதான், ஏனென்றால் இதில் "இது போதும்" என்ற இடமே கிடையாது. பெயிண்ட் புதுசானதும் குரோம் மங்கலாகத் தெரியும், குரோம் போட்டதும் நட்டு போல்ட் துருவாகத் தெரியும், அவற்றுக்கு ஸிங்க் பிளேட்டிங் போட்டதும் ரப்பர் எல்லாம் வெளுத்துத் தெரியும்.

மறைந்த செலவில் முதல் இடம் குரோமுக்கு. முன் ஃபோர்க் குழாயில் துருப்புள்ளி இருந்தால் புது ஆயில் சீல் போட்டாலும் கிழித்துவிடும். குழாயை மறுபடி குரோம் போட்டுத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும், இல்லை புதுக் குழாய். இரண்டாவது, ஆரம்பத்தில் சொன்ன உடைகிற சாமான்கள். ஒரே ஒரு இடப்பக்க சைடு பேனலுக்காக மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகள் உண்டு.

சேசிஸுக்கு பவுடர் கோட்டிங் நல்ல தேர்வு, நீடிக்கும். ஆனால் அது சுமார் 180 முதல் 200 டிகிரி சூட்டில் வேகவைக்கிற வேலை. பேரிங், ரப்பர் புஷ் எல்லாம் வெளியே வந்திருக்க வேண்டும், மரைகளை அடைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வந்த பிறகு ஒவ்வொரு மரையிலும் டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு எடுக்க வேண்டிவரும். பூச்சுக்கு முன் துருவை எடுக்க மணல் அடிப்பார்கள்; சேசிஸ் எண் உள்ள இடத்தில் அதை அழுத்தி அடிக்க வேண்டாம், தடிமனான பூச்சும் வேண்டாம் என்று வாயால் சொல்வதோடு ஒரு சீட்டும் எழுதி ஒட்டுங்கள். இன்ஜின் பாகங்களை மணல் அடிக்கக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஆயில் வழியில் சிக்கிய நாலு மணல் போதும், புது பேரிங்கைத் தின்ன.

பெயிண்ட் கடைசியாகத்தான் என்பதை நான் காசு கொடுத்துக் கற்றேன். டேங்க்கை முதலில் அடித்து, பளபளவென்று மாட்டி, படமும் எடுத்தாயிற்று. மூன்றாம் நாள் பெட்ரோல் டேப் வாஷர் கசிந்து, அடிப்பக்கம் பெயிண்ட் தோல் உரிவது போல் சுருண்டு வந்தது. வாஷரின் விலை ஒன்றுமே இல்லை. டேங்க் மறுபடி அடிக்கப் போனது.

இந்த வழியில் வண்டி முழுக்கப் பிரிந்துதான் ஆக வேண்டும், செலவும் எல்லாம் முன்னாலேயே போகும். பாதியில் நின்றால் மிஞ்சுவது மூட்டை. பிரிக்கும்போது ஒவ்வொரு இணைப்பையும் போனில் படம் எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டு எந்த இடத்துடையது என்று எழுதாவிட்டால், ஆறு மாதம் கழித்து உங்களுக்கே அது அந்நிய வண்டி.

பிறகு எப்போது இது சரி? வண்டி முழுசாக இருக்க வேண்டும்: பேனல், எம்பளம், மீட்டர், மட்கார்ட் எல்லாம். எண்கள் ஒத்துப்போக வேண்டும், அந்த மாடலைத் தேடி அலைபவர்கள் இருக்க வேண்டும். போட்ட காசு விலையில் ஓரளவு திரும்பி வர வாய்ப்புள்ள வழியும் இதுதான். இன்னொன்று, கம்பெனி பெயிண்ட் சுமாராகவாவது மிஞ்சியிருந்தால் அதை அடித்து மூடும் முன் இரண்டு தடவை யோசியுங்கள். பழைய வண்டி சேர்ப்பவர்களில் பலர் அந்த வெளுத்த பெயிண்டுக்குத்தான் கூடுதல் மதிப்பு கொடுப்பார்கள்.

மூன்றாவது வழி: வெட்டாமல் மாற்றுவது

கைப்பிடி, சீட், டயர், விளக்கு, கண்ணாடி, பெயிண்ட். இவற்றை மட்டும், கம்பெனி கொடுத்த அதே போல்ட் துளைகளில் மாட்டுவது. கழற்றிய ஒரிஜினல் எல்லாம் ஒரு பெட்டியில் பத்திரமாக. வண்டியின் தோற்றத்தில் பாதிக்கு மேல் கைப்பிடியும் சீட்டும்தான் தீர்மானிக்கின்றன, அந்த இரண்டும் ஸ்பேனரால் ஆகிற வேலை.

இங்கே மறைந்த செலவு கைப்பிடியோடு வரும். உயரம் மாறினால் ஆக்சிலேட்டர், கிளட்ச், பிரேக் கேபிள்களின் நீளமும் மாற வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு சோதனை: இன்ஜினை ஐடிலில் விட்டு, கைப்பிடியை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். எந்தப் பக்கமாவது இன்ஜின் சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது. இதைப் பார்க்காமல் விட்ட வண்டி, நெரிசலில் வளைக்கும்போது தானாகப் பாய்ந்து முன்னால் போகும். தாழ்ந்த கிளிப்-ஆன் (முன் ஃபோர்க் குழாயிலேயே மாட்டும் கைப்பிடி) போட்டால் அது டேங்கில் முட்டாமல் முழுசாகத் திரும்புகிறதா, உங்கள் கட்டைவிரல் நடுவில் நசுங்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்.இ.டி. இண்டிகேட்டர் போட்டால் பழைய ஃப்ளாஷர் (இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் பாகம்) வேகமாக மினுக்கும், அல்லது மினுக்காமல் அப்படியே நிற்கும், ஏனென்றால் அது பல்பு இழுக்கும் கரண்டை நம்பி வேலை செய்வது. எல்.இ.டி.க்கான ஃப்ளாஷர் சேர்த்து வாங்க வேண்டும். 6 வோல்ட் வண்டி என்றால் 12க்கு மாற்ற ஆசை வரும். பேட்டரி, ரெகுலேட்டர், காயில், ஹார்ன், அத்தனை பல்பும் சேர்ந்துதான் அந்தக் கணக்கு. எர்த்தையும் இணைப்புகளையும் சுத்தம் செய்தாலே 6 வோல்ட் விளக்கு ஆச்சரியப்படும்படி எரியும், முதலில் அதைச் செய்து பாருங்கள். டயரில் அகலம் கூட்ட ஆசைப்பட்டால் ஸ்விங் ஆர்மிலும் செயினிலும் உரசாமல் இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

சைலென்சரை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அதை மாற்றினால் கார்புரேட்டரின் ஜெட் மாற்றம் பின்னாலேயே வரும்.

இந்த வழியின் பலம், செலவை மாதா மாதம் பிரிக்க முடிவது. இந்த மாதம் சீட், அடுத்த மாதம் விளக்கு. நடுவில் எந்த நாள் காசு தீர்ந்தாலும் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதல் வழியை முடித்தவர் இதற்குள் வருவதுதான் என் கணக்கில் சரியான பாதை.

நான்காவது வழி: வெட்டி மாற்றுவது

அந்தப் படம் இந்த வழியில்தான் வருகிறது, அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கஃபே ரேசர் 1950, 60களின் பிரிட்டனில் பிறந்தது. லண்டனில் 1938இல் திறந்த ஏஸ் கஃபே மாதிரியான சாலையோரக் கடைகளில் கூடிய பையன்கள், வேகத்துக்காக எடையைக் கழற்றிப் போட்டார்கள், காற்றைக் கிழிக்கக் குனிந்தார்கள். நார்ட்டன் கம்பெனியின் ஃபெதர்பெட் என்ற சேசிஸில் டிரயம்ஃப் கம்பெனி இன்ஜினை வைத்து "டிரைட்டன்" என்று ஓட்டியதும் அந்தக் கூட்டம்தான். அமெரிக்காவில் பாபர் என்ற பைக் வகை வந்ததும் மட்கார்டை நறுக்கி எடை குறைத்ததிலிருந்துதான். அவர்கள் வெட்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. சின்ன இன்ஜின் வண்டியில் நாம் குனிந்தால் மணிக்கட்டு வலிதான் லாபம். தோற்றத்துக்காகச் செய்கிறோம் என்று ஒப்புக்கொண்டு செய்வதில் தப்பில்லை. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் வெட்டுவது சேசிஸின் பின் வளைவை. அதோடு மட்கார்ட், பின்சீட், நம்பர் பிளேட், பின்விளக்கு எல்லாம் இடம் இழக்கும். அடுத்து நடுவில் முக்கோணமாக வெளிச்சம் தெரிய வேண்டுமென்று ஏர் ஃபில்டர் பெட்டியையும் பேட்டரிப் பெட்டியையும் எடுப்பார்கள். இந்த இடத்தில்தான் பட்ஜெட் கிழியும். பெட்டியை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டினால் காற்று கூடி, கலவை மெலியும். பிளக் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி வரும், இன்ஜின் சூடேறும். மெயின் ஜெட், ஸ்லோ ஜெட், ஊசி உயரம் என்று ஒவ்வொன்றாக மாற்றி, ஓட்டி, பிளக் பார்த்து, மறுபடி கழற்றி. வேக்யூம் வகைக் கார்புரேட்டர் என்றால் இந்தப் பாடு இரண்டு மடங்கு, சில வண்டிகளில் நடுவேகத்தில் இன்ஜின் இழுக்காமல் தடுமாறுவது போகவே போகாது. பேட்டரியை சீட்டுக்குள் ஒளிக்க லித்தியம் வாங்கினால், பழைய ரெகுலேட்டர் அதற்கு ஏற்ற வோல்டேஜைத் தருகிறதா என்று அளக்க வேண்டும். சேசிஸ் மாறினால் வயரிங்கும் முழுசாகப் புதிது.

பின் ஷாக் அப்சார்பரை நீளமானதாக மாற்றிப் பின்பக்கத்தைத் தூக்கினால் முன் ஃபோர்க்கின் சாய்வு குறையும், வேகத்தில் கைப்பிடி பதற்றமாக இருக்கும். சைலென்சர் குழாயில் சுற்றும் சூடு தாங்கும் துணி ஈரத்தைப் பிடித்து வைத்து உள்ளுக்குள் துருப்பிடிக்க வைக்கும். பெட்ரோல் இருந்த டேங்க்கை வெல்டிங் வைப்பது பற்றி ஒரே வார்த்தை: காலியாகத் தெரிகிற டேங்கில் ஆவி இருக்கும், வெடிக்கும். அது தெரிந்தவர் கையில் மட்டும்.

வெட்டியே தீருவேன் என்றால் வெட்டும் முன் இதைச் செய்யுங்கள். இரண்டு பின் ஷாக்கையும் கழற்றி, ஷாக் முழுசாக அமுங்கினால் சக்கரம் எவ்வளவு மேலே வருமோ அவ்வளவு தூக்கி முட்டுக் கொடுங்கள். புது சீட் வளைவு வரப்போகிற இடத்தில் ஒரு அட்டையை வைத்துப் பாருங்கள். டயருக்கும் அட்டைக்கும் நடுவே உங்கள் கை நுழையவில்லை என்றால், முதல் பள்ளத்தில் டயர் சீட்டைத் தேய்க்கும். படத்தில் நிற்கும் வண்டியில் ஆள் உட்கார்ந்திருக்க மாட்டார், கவனித்திருப்பீர்கள்.

பாதியில் நின்றால் இந்த வழி எல்லாவற்றையும் விட மோசம். பிரித்த ஒரிஜினல் வண்டிக்காவது பாக விலை உண்டு. வெட்டிய சேசிஸை வாங்க ஆள் இல்லை. முடித்த பிறகும் விற்பது கஷ்டம், உங்கள் ரசனையோடு ஒத்துப்போகிற ஒருவரைத் தேட வேண்டும்.

இதுவே சரியான முடிவாகும் வண்டிகளும் உண்டு. பின்பக்கம் ஏற்கெனவே அடிபட்டு வளைந்தது, துருவில் ஓட்டை விழுந்தது, டேங்கும் பேனலும் தொலைந்து ஒரிஜினலாக்க வழியே இல்லாதது. அத்தோடு இன்ஜின் நன்றாக இருந்து, தினம் ஓட்ட வேறு வண்டியும், நம்பகமான வெல்டரும், சட்டத்தில் இடமும் இருந்தால் தாராளமாக வெட்டுங்கள்.

ஒரே பார்வையில்

| | ஓட வைப்பது | பழையபடி ஆக்குவது | வெட்டாமல் மாற்றுவது | வெட்டி மாற்றுவது |
|---|---|---|---|---|
| மொத்தச் செலவு | குறைவு | மிக அதிகம் | குறைவு முதல் நடுத்தரம் | அதிகம், கணிக்கவும் கடினம் |
| செலவைப் பிரித்துச் செய்யலாமா | ஆம் | இல்லை | ஆம், மிக எளிது | இல்லை |
| வெளியே போகும் வேலை | இன்ஜினைப் பொறுத்து | நிறைய | மிகக் குறைவு | வெல்டிங், டியூனிங் |
| எதிர்பாராத செலவு | மரை, கேபிள், டயர் | குரோம், பேனல், எம்பளம் | கேபிள் நீளம், ஃப்ளாஷர் | ஜெட், வயரிங், பேட்டரி |
| திரும்பி வரலாமா | ஆம் | ஆம் | ஆம் | இல்லை |
| காகிதச் சிக்கல் | இல்லை | இல்லை | சிறிது | அதிகம் |
| காசு தீர்ந்தால் மிஞ்சுவது | ஓடும் வண்டி | மூட்டை | ஓடும் வண்டி | விலை போகாத சேசிஸ் |

இன்னொரு வழியும் உண்டு

அதே மாடலில் இன்னொரு செத்த வண்டியை வாங்கி, இரண்டை ஒன்றாக்குவது. உங்களுடையதில் இன்ஜின் போய், அதில் பேனல் போயிருந்தால் கணக்கு அழகாகப் பொருந்தும். மிஞ்சியதை விற்றால் கொஞ்சம் திரும்பியும் வரும். இன்ஜின் எண் மாறும் என்பதால் காகித வேலை உண்டு. இடமும் வேண்டும். இரண்டு வண்டி பிரிந்து கிடக்கும் வீட்டில் மற்றவர்களின் பொறுமையும் ஒரு பட்ஜெட்தான்.

மூன்று வண்டிகள், என் பதில்கள்

இன்ஜின் சுமார், பேனல் எம்பளம் எல்லாம் முழுசு, கையில் காசு இப்போதைக்கு இல்லை. ஓட வையுங்கள், ஒரு பாகத்தையும் தூக்கிப் போடாதீர்கள், வெட்டவே வெட்டாதீர்கள். காசு வரும்போது பழையபடி ஆக்குவது பற்றி யோசிக்கலாம்.

இன்ஜின் நல்லது, சீட், பேனல், பின் மட்கார்ட் எதுவும் இல்லை. முதலில் பிரேக்கும் டயரும், பிறகு மூன்றாவது வழி. ஒரு வருஷம் ஓட்டிய பிறகும் அந்தப் படம் மனதில் இருந்தால் கிரைண்டரை எடுங்கள்.

பிக் எண்ட் ஆட்டம், சிலிண்டர் கடைசி ஓவர்சைஸ், டேங்கில் ஓட்டை, பேனல் இல்லை, விலை மட்டும் மலிவு. வாங்காதீர்கள். ஏற்கெனவே உங்களுடையது என்றால், அதே மாடலை நல்ல நிலையில் வைத்திருக்கும் ஒருவருக்கு அது பொக்கிஷம். காகிதத்தோடு அவருக்கே விற்றுவிடுங்கள்.

என் இன்னொரு வண்டியில் மூன்று வருஷத்துக்கு முன் கழற்றிய ஒரிஜினல் கைப்பிடி, கேபிளோடு சுருட்டி ஒரு பெட்டியில் கிடந்தது. போன மாதம் முதுகு வலிக்கிறது என்று அதையே திரும்ப மாட்டினேன். இரண்டு ஸ்பேனர், நாற்பது நிமிஷம்.